சொல்லாமல் விட்ட பள்ளம்

எனக்கு வயது நாற்பத்தாறு. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேல் மாடியில் மனைவி, மகளுடன் குடியிருக்கிறேன். சென்ற ஞாயிறு காலை நடந்த சைக்கிள் விபத்து பற்றி அன்றே இந்தக் காவல் நிலையத்தில் சொல்லிக் கையெழுத்திட்டிருக்கிறேன். வேன் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து என் நண்பன் மேல் ஏறியது என்று அதில் சொன்னது பொய். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன்.

இறந்தவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். எங்கும் கடைசியாக வந்து சேர்வதால் எங்கள் சைக்கிள் குழுவில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவான். எனக்குப் பஞ்சர் ஆனால் மற்றவர்கள் கையாட்டிவிட்டுப் போவார்கள், அவன் மட்டும் இறங்கிப் பம்பை எடுப்பான்.

வரிசையாகப் போகும்போது பின்னால் இருப்பவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும், சாலை தெரியாது. ஆகவே முதல் ஆள் 'பள்ளம்' என்று கத்தினால் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்கு அதைக் கத்திச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று ஒன்பது பேர் போனோம். நான் எட்டாவது, அவன் ஒன்பதாவது.

பாதி வழியில் டீ குடிக்க நின்றபோது அவன் இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தான். வழியில் யாருக்கோ செயின் கழன்றுவிட்டது, மாட்டிக் கொடுத்தேன் என்றான். நான் எல்லார் முன்னாலும், "உன்னைக் கட்டி இழுக்கறதே எங்களுக்குப் பொழப்பாப் போச்சுடா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "உன் முதுகையே பாத்துப் பாத்து எனக்கும்தான் அலுத்துப்போச்சு. முன்னாடி இருக்கற ரோட்டையும் கொஞ்சம் காட்டேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இனி உன்னோடு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டு, பாதி டீயைக் கொட்டிவிட்டுக் கிளம்பினேன். அதன் பிறகும் அவன் என் பின்னால்தான் வந்தான். இரண்டு முறை, "டேய், கோவமா?" என்று கேட்டான். நான் திரும்பவில்லை.

அதன் பிறகு பாலத்துக்கு முன்னால் 'பள்ளம்' என்ற சத்தம் ஒவ்வொருவராக வந்து என்னை எட்டியது. நான் ஒதுங்கிக்கொண்டேன். அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு குலுக்கு குலுக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். இதை நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அதன் பிறகு அவன் வலப்பக்கமாக விழுந்த சத்தம் கேட்டது. வேன் மெதுவாகத்தான் வந்தது, ஹாரனும் அடித்தது, ஆனால் அவன் சக்கரத்துக்கு முன்னாலேயே விழுந்ததால் நிறுத்த முடியாமல் ஏறிவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அவன் தலைக்குக் கீழே வைத்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றேன். குழுவில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் பேச்சை நம்பித்தான் வேன் வேகமாக வந்தது என்று அவர்களும் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

அதன் பிறகு மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "அண்ணா, அன்னைக்கும் உங்க பின்னாடிதானே வந்தாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப பயமில்லாமத்தான் வந்திருப்பாரு. நீங்க முன்னாடி போனா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொல்வாரு" என்றாள். அவள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்று முதல் நான் தூங்கவில்லை. வேன் ஓட்டுநர் ஆறு நாளாக உள்ளே இருக்கிறார். அவர் வெளியே வர வேண்டும்.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டினார். பள்ளத்தைப் பற்றி அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று போட்டுக்கொள்ளலாமா, உங்களுக்கு நல்லது என்று கேட்டார். மறக்கவில்லை என்றே எழுதச் சொன்னேன். அப்படியே எழுதியிருக்கிறார். இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது.

(கையெழுத்து)