பீடிப் புகை போகும் வழி

உயரமானவருக்குப் பின்னால் குள்ளமானவரை உட்கார வைக்கக் கூடாது. சினிமா பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும் சார். ஆனால் கூட்டம் நெரிக்கிற நேரத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. நான் வைத்துக்கொள்வேன். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு வழியோரம். புதிதாகக் கல்யாணமானவர்களுக்குச் சுவரோரம். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொண்டு வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் மாமியாரை உட்கார வைப்பேன். இடைவேளைக்குள் இரண்டு பேரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள்.

என் பெயர் சுப்பையா. கௌதள்ளிக்காரன். மைசூருக்கு வந்த நாளிலிருந்து சுந்தராம்பாள் அம்மாவின் டாக்கீஸில்தான் வேலை. முதலில் டார்ச் அடித்து இடம் காட்டினேன், அப்புறம் கவுண்டர், கடைசியில் மேனேஜர். மேனேஜர் ஆன பிறகும் டார்ச்சை யாரிடமும் கொடுக்கவில்லை. நீங்கள் குண்டலுபேட்டையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் கன்னடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா இறந்தது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நோய் வந்து தியேட்டர்களை மூடியபோது ஊரோடு ஒத்து நானும் வீட்டில் இருந்தேன். அது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. மச்சினன் குடும்பத்தோடு வந்தால் எழுந்து போய், யார் கட்டிலில், யார் பாயில் என்று சொல்வேன். என் சம்சாரம் மாரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்: “இதென்ன உங்க டாக்கீஸா? அவங்கவங்க இஷ்டப்பட்ட எடத்துல உக்காரட்டும். நீங்க சும்மா இருங்க.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்புறம் பாதி நாற்காலிகளோடு திறக்கலாம் என்று சர்க்கார் சொன்னது. ஒன்று விட்டு ஒன்று. விடவேண்டிய நாற்காலிகளில் எல்லாம் நானே சிவப்பு நாடா கட்டினேன். பெரிய படம் ஒன்று ரிலீசுக்குக் காத்திருந்தது. விநியோகஸ்தர் ஓயாமல் போன் செய்தார். அம்மாவின் மகன் ஹேமந்த் தம்பிக்கு, போட்டுவிடலாம் என்று ஆசை. அம்மாதான் அசையவில்லை.

“பேடா சுப்பையா. படம் எங்கயும் ஓடிப் போயிடாது. ஜனங்க ஊசி போட்டுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அம்மா எங்களோடு தமிழில்தான் பேசுவார். வேண்டாம் என்பதை மட்டும் ‘பேடா’ என்று கன்னடத்தில் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

வேலைக்காரர்களின் வயிறு என்னம்மா ஆவது என்று கேட்டேன். “சம்பளம் நிறுத்திட்டனா?” என்றார். நிறுத்தவில்லைதான். மூடியிருந்த காலம் முழுக்க எங்கள் எல்லாருக்கும் வீடு தேடி வந்தது. பொய் சொல்லக் கூடாது. இருந்தாலும் வேலைக்காரர்களை நினைத்துத்தான் நான் இதைச் செய்தேன். சம்பளம் வேறு, வேலை வேறு. உத்தியோகத்தில் இருக்கிற உங்களுக்கு அது புரியும்.

ஹேமந்த் தம்பி விடவில்லை. பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம், அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிடுவோம், நீயே உட்கார்ந்து பாரம்மா என்று நச்சரித்தார். மேட்னி ஷோ. அம்மா வந்தார். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மகன் மனசு நோவக் கூடாதுன்னு வந்திருக்கேன். படம் முடிஞ்சதும் விநியோகஸ்தருக்கு நானே போன் பண்ணி இல்லன்னு சொல்லிடுவேன். நீ ஒண்ணும் சொல்லிக்காத” என்றார். கையில் அந்த இழுக்கிற மருந்து இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா. மருந்துக்கடைக்குப் போய் அதை வாங்கி வருவதும் நான்தான்.

அந்த நேரம் பார்த்து ஜடையன் வந்தான். எங்கள் ஊர்க்காரன், இங்கே ஆட்டோ ஓட்டுகிறான். விசிலுக்குப் பேர்போனவன், அவன் வாயில் விரல் வைத்தால் திரையில் பேசுவது காதில் விழாது. கேட்டில் நின்ற லிங்கப்பன் காய்ச்சல் பார்க்கிற கருவியை அவன் நெற்றிக்கு நேரே காட்டிவிட்டு, திரும்பிப் போகச் சொன்னான். ஜடையனும் தகராறு செய்யவில்லை.

“ஆமாங்ண்ணா, நேத்துலருந்தே ஒடம்பு காயுதுங்க. சோத்துல வாசமே தெரிய மாட்டீங்குது. நான் ஊட்டுக்கே போயர்றனுங்க.”

அவன் தோளைத் தொட்டு நிறுத்தியது நான். “வெயில்ல வண்டி ஓட்டுனா ஒடம்பு காயாம என்ன பண்ணும்? வா, நல்ல எடமாப் போடறேன்” என்றேன். லிங்கப்பன் என்னையே பார்த்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் அரங்குக்குள்ளேயே பீடி குடிப்பார்கள். பெண்கள் என்னிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். பீடிக்காரர்களைத் தள்ளி உட்கார வைத்தாலும் சண்டை ஓயவில்லை. அதனால் புகை எங்கேதான் போகிறது என்று கவனித்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரியும். பின்பக்கத் தூணோரம் ஒருவன் பீடி பற்றவைத்தால் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு நெடிகூட வராது. சுவர்க் காற்றாடி அதை அப்படியே தள்ளிக்கொண்டு போய், சில வரிசை முன்னால், நடுவில் இருப்பவர் முகத்தில் இறக்கிவிடும். அந்த நடு இடத்தில் நான் யாரையும் உட்கார வைப்பதில்லை. தீபாவளிக் கூட்டம் பிதுங்கினாலும் வைப்பதில்லை.

அன்றைக்கு அம்மாவை அங்கே உட்கார வைத்தேன்.

ஜடையனைத் தூணோரம். மூச்சு முட்டுகிறது என்றான். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். “ஹீரோ வர்றப்பெல்லாம் நல்லா விசில் அடி. காதுல கேட்டா அம்மாவுக்கு மனசு எளகும், டாக்கீஸ் தெறக்கும்” என்றேன். பாவம், நம்பினான். இருமி இருமி அடித்தான். அம்மா திரும்பிப் பார்த்து, “யாரு, நம்ம ஜடையனா?” என்று சிரித்தார். இடைவேளையில் நான் காபி கொண்டுபோனேன். “நல்ல எடமாப் போட்டிருக்க சுப்பையா. காத்து நல்லா வருது” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெகுநாள் கழித்து ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அம்மா கொஞ்ச நாள் படுத்திருப்பார். பொறுப்பு ஹேமந்த் தம்பி கைக்கு வரும். அவர் சரி என்பார், படம் ரிலீசாகிவிடும். அம்மா எழுந்து வரும்போது டாக்கீஸில் ஜனம் இருக்கும். சாக வேண்டும் என்று நான் மனதாலும் நினைக்கவில்லை. ஆஸ்துமா இருப்பது தெரியும். அதை அந்த நேரத்தில் நான் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சொன்னபடியே அம்மா அன்றைக்கே போன் செய்து இல்லையென்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் படுத்தார். மகனுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவே நேரம் சரியாக இருந்தது. படத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லாத் தியேட்டரையும் மறுபடி மூடச் சொல்லிவிட்டார்கள். ஆக, யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படுக்கை கிடைக்கவில்லையாம். தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினாராம். காற்றே வராத மூலை. ஹேமந்த் தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே சொன்னார். எனக்கு மனது கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் ஜன்னலோரமாக ஓர் இடம் பார்த்துக் கொடுத்திருப்பேன். அங்கே இடம் போடத் தெரிந்த ஆள் ஒருத்தர்கூட இல்லை போலிருக்கிறது.

ஜடையன் பிழைத்துவிட்டான். பிழைத்து என்ன, காய்ச்சலோடு வந்து அம்மாவைக் கொன்றவன் என்று தெருவே சொல்கிறது. ஆட்டோ கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். தேவம்மா, அவன் பெண்டாட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். நேற்று இதே பெஞ்சில் உட்கார்ந்து, தப்பு என்னுதுதானுங்க என்று உங்களிடம் கைரேகையும் வைத்துவிட்டான். நான் காரணம் என்று அவனுக்கு இன்னமும் தோன்றவில்லை. வெளியே என்னைப் பார்த்ததும் காலைத் தொட வந்தான்.

அவன் வாக்குமூலம் கொடுத்தான் என்று கேட்டுத்தான் நான் இன்றைக்கு வந்தேன். இரக்கத்தில் வந்தேன் என்று எழுத வேண்டாம். சட்டப்படி என்மேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. சர்க்கார் ஒரு நாற்காலி விடச் சொன்னது. நான் அம்மாவுக்கும் ஜடையனுக்கும் நடுவில் வரிசை வரிசையாக விட்டிருந்தேன். அந்த விஷயத்தில் யாரும் என்மேல் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவன் வாக்குமூலத்தில் ஓர் இடத்தில், ஜடையன் உள்ளே போய்த் தன்பாட்டுக்குத் தூணோரம் உட்கார்ந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ரைட்டர் படித்துக் காட்டினார். அதை அடித்துவிடுங்கள் சார். என் டாக்கீஸில் யாரும் தன்பாட்டுக்குப் போய் உட்கார்ந்ததில்லை.