எண்பத்தொன்பது நாளும் ஒரு நாளும்

வெள்ளிவிழா மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வெப்பத்தில் வெந்து வேலை செய்யும் தோழர்களே, மடியில் மழலையோடு மணிக்கணக்காய்க் காத்திருக்கும் தாய்மார்களே, அறுவைக் கருவிகள் கழுவும் அறையிலிருந்து வந்திருக்கும் தற்காலிகப் பணியாளரின் வணக்கம்!

தமிழ் படித்தவள் என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள்: 'நிரந்தரம்'. நம் மருத்துவமனை வாசலில் 'நிரந்தரச் சேவை' என்று பொன்னெழுத்தில் மின்னுகிறதே, அந்தச் சொல். வடமொழியில் அந்தரம் என்றால் இடைவெளி. நிர் என்றால் இல்லை. இடைவெளி இல்லாதது எதுவோ, அதுவே நிரந்தரம்!

நோய்க்கு உண்டா இடைவெளி? நீராவிக்கு உண்டா இடைவெளி? எங்களுக்கு உண்டு! எண்பத்தொன்பது நாள் வேலை. தொண்ணூறாம் நாளும் தொடர்ந்து வந்தால் நிரந்தரமாக்க வேண்டுமாம். ஆகவே அன்று பதிவேட்டில் பெயர் இராது. மறுநாள் புதிதாகச் சேர்வோம். நான்கு ஆண்டுகளாக நான் புதியவள்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், நாங்களும் முதலில் சிரித்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொண்ணூறாம் நாள் காலையிலேயே மேற்பார்வையாளர் அழைப்பார். "ஆள் பத்தலம்மா, சும்மா வந்துட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க." போவோம். போகாவிட்டால் மறுநாள் சேர்த்துக்கொள்வாரா?

சென்ற முறை அப்படிப் போன நாளில்தான், கழுவிய கருவிகளைக் கிருமி போக அவிக்கும் நீராவிப் பெட்டியின் கதவு பிய்த்துக்கொண்டது. என் மேசைத்துணை, நாங்கள் சிரிப்பக்கா என்போமே, அவருக்கு வலக்கை முழங்கை வரை வெந்தது. அப்போதும் என்ன கத்தினார் தெரியுமா? "தட்டு விழப்போகுதுடி, பிடி!" நான் தட்டைப் பிடித்தேன். அவரைப் பிடிக்கவில்லை.

அலுவலகம் என்ன சொன்னது? "அன்னைக்கு நீங்க வேலையிலயே இல்லையேம்மா! வீட்டுல வெந்நீர் கொட்டிக்கிட்டீங்களோ?" எங்கள் அறைக்கு வந்து, பார்த்தவர் உண்டா என்று கேட்டார்கள். நான் குனிந்து கத்தரிக்கோல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சிரிப்பக்கா என்னைப் பார்த்தார். "விடுடி, உனக்குக் கைக்குழந்தை இருக்கு" என்றார். விட்டுவிட்டேன். வேலையில் பட்ட காயமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அவர் மேசையில் இன்று வேறொருத்தி.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வருகிறது. கொடுத்தனுப்பியவர் மேற்பார்வையாளர்தானே? ஐயா, நீங்களும் அன்று அங்கேதான் இருந்தீர்கள்.

தலைவர் அவர்களே! அந்த இடைவெளி நாளில் நாங்கள் வேலையில் இருந்தோம். அவர் கை வெந்ததை நான் பார்த்தேன். சாட்சியாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் எனக்குத் தொண்ணூறாம் நாள். அதற்கடுத்த நாள் என்னைச் சேர்க்கமாட்டீர்கள். தெரியும். ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவிமடுத்த அனைவருக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம். மூன்றாம் வரிசையில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு இன்னும் விரல் மடங்கவில்லை. அக்கா, உங்களுக்கு மட்டும் வணக்கம் இல்லை. மன்னிப்பு.