கழுவி முடித்த குழாய்

சங்கு ஊதுகிறது. பதுங்குகுழிக்கு ஓடுகிறோம். மாலை ஐந்தரை. ட்ரோனின் சத்தம், பழைய மொபெட் மேடு ஏறுவது போல. சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும். நின்றது. வடக்கே ஒரு எண்ணெய் டாங்க் வெடித்தது.

நான் திருத்தணிக்காரன். சுத்திகரிப்பு ஆலையில் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், ஒப்பந்தத்தில் இந்த அயல்நாட்டுக்கு வந்தேன். போர் வந்தது. கச்சா எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. நிலக்கரி மட்டும் இருந்தது. அதைக் கரைத்து எண்ணெயாக்கினோம். அந்த எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி டீசலாக்கினோம். ராணுவ லாரிகள் ஓடின. ஆகவே நாங்கள் குறி.

நிலக்கரி எண்ணெய் ஆறினால் குழாய்க்குள் தாராக இறுகிவிடும். பிறகு குழாயை அறுத்தெறிய வேண்டியதுதான். அதனால் சங்கு ஊதி ஆலையை நிறுத்தும்போதும் லேசான எண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். முடியும்வரை வால்வை விட்டு நகரக்கூடாது. விதி. எழுதியவர்கள் குண்டு விழாத ஊரில் இருந்தார்கள். குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த திருத்தத்தில் சேர்ப்பதாகப் பதில் வந்தது.

தேசப்பன் வால்வருகே நிற்கிறான். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவன். கரண்ட் போனாலும், அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் எழுந்திருக்க மாட்டான். அவன் அக்காள் புருஷன் வேலு பதுங்குகுழி வாசலிலிருந்து கத்துகிறான்.

"டேய் தேசப்பா! வுட்டுட்டு ஓடியாடா!"

"தோ வந்துகினே கீறேன் பாவா! பாதியில வுட்டா மொத்தமும் பூடும்!"

"போவட்டும்டா! இன்னா, உன் வூட்டுக் குழாயா அது? உங்க அக்காளுக்கு நான் இன்னாடா பதில் சொல்றது?"

நானும் கத்தினேன். "தேசப்பா, விதியை நான் பார்த்துக்கறேன். வா!"

"ஆங் சார், இன்னும் கொஞ்சம்தான்!"

வால்வுச் சக்கரம் கிறீச்சிட்டது. மூடிவிட்டான். திரும்பினான். மொபெட் மறுபடி மேடு ஏறியது. நின்றது. வேலு குழியிலிருந்து பாய்ந்தான். அவன் காலைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இப்போது திருத்தணியில் இருக்கிறேன். மலைப்பாதையில் மொபெட்கள் ஏறுகின்றன. சில பாதியில் நின்றுவிடுகின்றன. நின்றால் நான் தரையில் படுத்துவிடுகிறேன். பேரப்பிள்ளைகளுக்குச் சிரிப்பு. வேலு என்னோடு பேசுவதில்லை. என் காலை ஏன் பிடித்தாய் என்பது அவன் கேள்வி.

அன்று போனவை: டாங்க் இரண்டு. உலை ஒன்று. வேலுவின் இடது காது. தேசப்பன்.

மறுநாள் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சொட்டும் உறையவில்லை. இழப்புப் பட்டியலில் குழாய் இல்லை.