பேரைப் படிக்கிற ஆபீசர்

பத்மா: அண்ணே, பின்னு பெட்டிய சரி பாத்தேன்னு சீட்டுல கையெழுத்துப் போடு. பத்து மணிக்கு வேதமுத்து சார் செக்கிங்குக்கு வந்துடுவாரு.

லட்சுமணன்: வரட்டுமே. கவர்மெண்டு ஆபீசரு... மிலிட்டிரி டேங்க் செயினுக்குப் போற பின்னப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?

பத்மா: இன்னா தெரியுமாவா? எழுபத்தொண்ணு சண்டையில நேவி பிளேன் ஓட்டுனவருண்ணே!

லட்சுமணன்: நேவின்னா கப்பலு. பிளேனு எங்கேந்து வந்துச்சு? காலங்காத்தால ரீல் உடாத.

பத்மா: கப்பல் மேலேந்தே ஏறுவாரு, கப்பல் மேலயே எறங்குவாரு!

லட்சுமணன்: ஓடி நிக்க எடம் வாணாம்?

பத்மா: பிளேனு வாலுல ஒரு கொக்கி. கப்பல்ல குறுக்க கம்பி கட்டியிருக்கும். கொக்கி மாட்டுனா நிக்கும்... மாட்டலன்னா கடலுதான்.

லட்சுமணன்: யம்மாடி... உனக்கு யாரு சொன்னா?

பத்மா: அவரேதான். நேவிய உட்டுட்டு இதே அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து கம்பெனி போட்டாரு. நான் மொதல்ல வேலைக்குச் சேந்ததே அங்கதான். அப்பால கவர்மெண்டே கூப்ட்டு ஆபீசராக்கிச்சு.

லட்சுமணன்: ஒரே ஆளு... இத்தினி வேலையா!

பத்மா: கேளு. பிளேன சரி பாத்த மெக்கானிக்கு பேப்பர்ல கையெழுத்துப் போடுவான். சாரு அந்தப் பேர வாய்விட்டுப் படிப்பாராம். அவன் மூஞ்சியப் பாப்பாராம். அப்பாலதான் ஏறுவாரு.

லட்சுமணன்: வெறும் பேர நம்பியா?

பத்மா: ஒரு தபா ரெக்கையில குண்டு ஓட்டையோட வந்தாரு. கொக்கி மாட்டிகிச்சு. எறங்குனதும் நேரா போயி, கொக்கிக்குக் கையெழுத்துப் போட்டவன் கையப் புடிச்சுகினாராம்.

லட்சுமணன்: ...எனக்கே புல்லரிக்குது பத்மா.

பத்மா: அவரு கம்பெனியிலயும் அதான். பெட்டிக்குப் பெட்டி சரி பாத்தவன் பேரு இருக்கணும். இப்பவும் பின்ன அளக்க வேற ஆளுங்க கீறாங்க. இவரு சீட்டுல பேரத்தான் படிப்பாரு.

லட்சுமணன்: மூஞ்சியும்... பாப்பாரா?

பத்மா: பாப்பாரு. இந்தா பேனா.

லட்சுமணன்: இரு...

பத்மா: மணியாவுதுண்ணே.

லட்சுமணன்: இருன்றேன்ல! பெட்டியத் தொற. அடியில நாப்பது பின்னுல வெடிப்பு கீது. மொதலாளி தள்ளிவுடச் சொன்னாரு, நானும் வாய மூடிகினேன். வேல போனாலும் போவட்டும்... அந்த மன்சன் மின்னாடி மூஞ்சியக் காட்ட என்னால முடியாது. எடுத்துக் கடாசு!

பத்மா: தெரியும்ண்ணே. அடுக்குனதே நான்தான். சீட்டத் திருப்பிப் பாரு... பேக்கிங்குக்கு எம்பேரு நேத்தே போட்டுட்டேன். ஒண்டியாத் தொறக்க தைரியம் வரல. அதான் உன்னாண்ட அவரு கதையச் சொன்னேன்.