எல்லோரும் வந்த மாலை

குழந்தைகளை விளையாட வைக்க ஒரு கயிறு போதும். பெரியவர்களை விளையாட வைப்பதுதான் பெரும்பாடு. வெட்கப்படுவார்கள், முட்டி வலி என்பார்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாக நழுவிவிடுவார்கள். எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் ஒன்றுகூடலுக்கு விளையாட்டுகளை யோசிப்பது என் பொறுப்பு. யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றீர்கள். இதுவும் நடந்ததுதான் இன்ஸ்பெக்டர் அம்மா. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என்னை ஏதோ கொடுமைக்காரி என்று எழுதிக்கொள்வீர்கள்.

செலவு வைக்கக் கூடாது என்பது என் முதல் கொள்கை. வசூலுக்குப் போனால் மறுவருடம் கதவைத் திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டில் கிடப்பதை வைத்தே எல்லாம் செய்வேன். பழைய படுக்கை விரிப்புகளை முறுக்கி முடிச்சுப் போட்டால் கயிறு இழுக்கும் போட்டிக்கு நல்ல கயிறு. காலி பாட்டில்களை அடுக்கி, உருட்டிய காலுறையால் அடிக்க வைப்பேன். நாற்காலி ஓட்டத்துக்கு அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கி வர வேண்டும். ஒரு வருடம் குரல் விளையாட்டு வைத்தேன். ஒருவர் கண்ணைக் கட்டி உட்காருவார், மற்றவர் பின்னால் வந்து "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். குரல் யாருடையது என்று சொல்ல வேண்டும். எதிரெதிர் வீட்டில் காலம் காலமாக இருப்பவர்கள், ஒருவர் குரல் இன்னொருவருக்குத் தெரியவில்லை. தப்புத் தப்பாகச் சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முகம் தெரியாத இரண்டு பேரைப் பேச வைப்பதுதான் ஆயுள் முழுக்க என் பிழைப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் நானும்தான். அம்மா இறந்த அன்று தெருவில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். போகிற வழியில் வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். தூக்குவதற்கு ஆள் போதாமல் வண்டி ஓட்டி வந்தவரே ஒரு பக்கம் பிடித்தார். அதற்காக யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு அடுத்த வருடம்தான் ஒன்றுகூடலை ஆரம்பித்தேன்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள். அண்ணன் பிளம்பர், தம்பி எலெக்ட்ரீஷியன். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். மாடிப்படி யாருக்கு என்பதில் பேச்சு நின்றுபோனது. கயிறு இழுக்கும்போது இருவரையும் ஒரே பக்கம் நிறுத்திப் பார்த்தேன். தம்பி கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

போன வருடம் ஒன்று நடந்தது. நான் ஏற்பாடு செய்யாதது. விளையாட்டெல்லாம் வழக்கம்போல் சொத சொதவென்று போய்க்கொண்டிருந்தபோது எலெக்ட்ரீஷியனின் சின்னப் பெண்ணைக் காணவில்லை. அவ்வளவுதான், தெருவே எழுந்துவிட்டது. முட்டி வலிக்காரர்கள் ஓடினார்கள். போன் பேசிக்கொண்டிருந்தவர்கள் போனை வைத்தார்கள். கடைசியில் பிளம்பர்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மொட்டை மாடி வழியாக இறங்கி, பெரியப்பா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தூங்கியிருக்கிறாள். தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து தெருவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்படி ஒரு மாலையை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கொஞ்ச நாளில் அண்ணனும் தம்பியும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். சிரிப்பு மனிதர்களைச் சேர்ப்பதில்லை, பயம்தான் சேர்க்கிறது. அதற்குச் செலவும் இல்லை.

இந்த வருடம் யாரைத் தொலைப்பது என்று யோசித்தபோது குழந்தைகளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

டிரைவர் ஐயா எங்கள் வரிசையில் இருந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். மனைவி போன பிறகு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது, டியூட்டி மட்டும் மிச்சம். காலையில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். என்னைப் பார்த்தால் கண்டக்டர் என்று நினைப்பார். "வண்டி எடுக்கலாமா?" என்பார். மகள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். அவர் வெளியே போய்விடாமல் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தைப்பாள். சர்க்கரை வியாதி வேறு, நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அவள் வெளியே எங்கும் போய் நான் பார்த்ததில்லை. போன ஒன்றுகூடலுக்குக்கூட வாசலில் நின்றபடி பார்த்தாள், அவ்வளவுதான்.

இந்த வருட ஒன்றுகூடல் அன்று காலையில் நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். "நாற்காலி ஓட்டத்துல ஒரு ஆள் குறையுது, வா."

"அப்பா இருக்காரேக்கா."

"அவர நான் பார்த்துக்கறேன். போய் ஓடு. கால் மரத்துப்போகப் போகுது."

அவள் ஓடினாள். பாட்டு நின்றதும் எதிர்வீட்டு மிலிட்டரிக்காரர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவாவது என்னை ஒருவர் பாராட்டியிருக்கலாம்.

தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் அச்சகம் இருக்கிறது. முதலாளி மகனோடு போய் இருக்கிறார், சாவி என்னிடம். அதன் பின்னால் காகிதக் கட்டு அடுக்கும் அறை, தகரக் கூரை. டிரைவர் ஐயாவின் கையைப் பிடித்து, "டியூட்டி போட்டிருக்காங்கய்யா" என்றேன். கூடவே வந்தார்.

"இது நம்ம டிப்போ இல்லையே?"

"புது டிப்போய்யா."

ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் காலைத் துழாவினார். பூட்டிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் தேடட்டும், பிறகு நானே கண்டுபிடித்துக் கொண்டுவரலாம் என்பதுதான் அப்போது என் எண்ணம். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"டம்ளர் எடுக்க உள்ள போனேன், திரும்பி வந்தா ஆளக் காணோம்" என்று சொல்லி அழுதேன். அழுகை நிஜமாகவே வந்தது. தையல்காரி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தோளைத் தட்டி, "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, அவர் அப்படித்தான்" என்றாள்.

தெரு எழுந்தது. பிளம்பர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். தம்பி அருகில் வந்து தயங்கி நின்றான்.

"ஏறுடா, என்ன பாத்துக்கிட்டு நிக்கற?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நான் ரெண்டு பக்கமும் பாக்கறேன்."

ஒரே வண்டியில் போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பெண்கள் தையல்காரியைச் சுற்றி உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்தார்கள். ஒரு வீட்டில் டீ போட்டார்கள், இன்னொரு வீட்டில் டம்ளர் வந்தது. பெரியவர் போட்டோவை எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். அதற்காக எல்லோரும் எல்லோருடைய நம்பரையும் கேட்டு வாங்கினார்கள். அண்டை வீட்டு நம்பர்கூட இல்லாமல் இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள்.

பிளம்பர் திரும்பி வந்து, "அச்சகத்துப் பக்கம் பாத்தாச்சாக்கா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன்பா. பூட்டுதான் தொங்குது" என்றேன். அது பொய்யில்லை.

வெயில் ஏறியிருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரோடு பின்வழியாகப் போய்த் திறந்தேன், கூட்டி வந்துவிடலாம் என்றுதான். அறை அடுப்பு மாதிரி இருந்தது. அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, கை நடுங்கியது. அப்போதும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாசஞ்சர் எல்லாம் ஏறிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள், மாடி வக்கீலைத் தவிர. மூலை வீட்டு மாடியில் இருப்பவர், எத்தனை முறை கூப்பிட்டும் ஒரு வருடம்கூடக் கீழே இறங்கி வந்தவர் இல்லை. அன்றும் அவர் ஜன்னல் சாத்தியே இருந்தது.

"இன்னும் ஒருத்தர் வரணும்யா. கொஞ்சம் பொறுங்க."

"சரிம்மா. சொல்லு, எடுத்துடலாம்" என்றார்.

பூட்டினேன்.

வக்கீல் வந்தார் அம்மா. பொழுது சாயும் நேரத்தில், செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்து, போலீசில் எப்படிச் சொல்ல வேண்டும், யார் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் நான் அச்சகத்துக்குப் போனேன். பூட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கூச்சல் போட்டேன். பின்கதவு பூட்டாமல் கிடந்திருக்கிறது, தானாக உள்ளே போயிருக்கிறார், கதவு இறுகிக்கொண்டுவிட்டது என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் அன்று அப்படித்தான் எழுதிக்கொண்டு போனீர்கள்.

மறுநாள் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. தூக்குவதற்கு ஆள் மாற்றி ஆள் வந்து தோள் கொடுத்தார்கள். முன்னால் அண்ணனும் தம்பியும். அன்றிலிருந்து இன்றுவரை மாடிப்படிப் பேச்சு எழவில்லை. தையல்காரி வீட்டுக்கு வேளைக்கொரு வீட்டிலிருந்து சாப்பாடு போகிறது. பூட்டு போட வேண்டிய அவசியம் இல்லாமல் அவள் கேட் திறந்தே கிடக்கிறது. என் வீட்டுக்கும் வந்தார்கள். என் பொறுப்பில் இருந்தபோது நடந்துவிட்டதே என்று நான் உடைந்துபோயிருப்பேனாம், ஆறுதல் சொல்ல வந்தார்கள். என் வீட்டு அழைப்புமணி ஒழுங்காக அடிக்கிறதா என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் தைப்பதை நிறுத்திவிட்டு ஒரு நாள், "அந்த ரூம்ல அப்பா என்ன பயந்திருப்பாரோக்கா" என்று அழுதபோது மனது கேட்கவில்லை.

"பயப்படலம்மா. டியூட்டில இருக்கற நெனப்புலதான் இருந்தார். பாசஞ்சர் ஏறட்டும்னு காத்துக்கிட்டு இருந்தார்."

அவள் அழுகையை நிறுத்தினாள். கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அப்படித்தான் நீங்கள் மறுபடி வந்தீர்கள். சமாதானம் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன். பரவாயில்லை.

இரண்டாவது தடவை கதவைத் திறந்தபோது அவர் இறந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அப்போது உயிர் இருந்தது. கீழே சரிந்து கிடந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தெருவில் பேசுகிற சத்தம் அந்த அறை வரை கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். பிழைத்துமிருப்பார். குழந்தை கிடைத்த மறுநாள் என்ன ஆனது என்று எனக்கு ஞாபகம் வந்தது. கிடைத்துவிட்டால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு அடங்குகிற வரை கையை விடவில்லை.

அவர் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. அப்பா தனியாகப் போகவில்லை, கடைசி வரை அக்கா கூடவே இருந்தாள் என்று தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.