எடை போடும் இடத்தில் கேட்டவன்

எனக்குப் படிக்கத் தெரியாது; கதை என்றால் காது நீண்டுவிடும். குன்னூர் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு எஸ்டேட் பெண்கள். இளையவள் கொடுத்திருந்த காதல் நாவலை மூத்தவள் படித்து மூடினாள்.

"பொய்க் கதை புள்ள. மழையில கொழுந்து எடுக்கறவ நனையாம இடுப்புல படங்குத் துணி கட்டாம, பட்டுச்சேலையிலயா போவா?"

"அத உடுங்கக்கா. கொழுந்து எடை போடற எடத்துல, அத்தன பேரு முன்னால, அவன் கட்டிக்கறயான்னு கேக்கறான். அவளும் சிரிச்சுட்டே சரிங்கறா. எனக்கு அதுதானுங்க புடிச்சுது."

"எனக்கு அதுதான் தாங்கல."

"ஏனுங்கக்கா?"

"என்னையும் ஒருத்தன் அப்படித்தான் கேட்டான். சூப்பர்வைசர் பாக்கறாரேன்னு கூடையத் தூக்கிட்டு நடந்துட்டேன். மக்காநாளே, விடிஞ்சதும் கூடலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிட்டான்."

இளையவள் கையை நீட்டினாள். "புக்கக் குடுங்கக்கா, லைப்ரரியில திருப்பிக் குடுத்தர்றேன்."

"இருக்கட்டும் புள்ள. அவ சரின்னு சொல்ற பக்கத்த இன்னொருக்கா படிச்சுக்கறேன்."