பசி எடுக்கிற டானிக்

விஜயநகரில் ஓர் ஆஸ்பத்திரி மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி. வியாழக்கிழமை கணவருக்கு எடை குறைக்கும் ஆபரேஷன். அவர் சாப்பிடும் மருந்தையெல்லாம் முன்கூட்டியே பார்மசிஸ்ட் சரிபார்க்க வேண்டுமாம். மனைவி துணிப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார்.

“சுகர் மாத்திரை, பிபி மாத்திரை சரி. இந்தப் பாட்டில் என்னம்மா?” என்றார் பார்மசிஸ்ட்.

“அது பசி எடுக்கிற டானிக்.”

வரிசையே நிமிர்ந்தது.

“யாருக்கு?”

“இவருக்குத்தான். நீங்க சாப்பாட்டுக்குப் பதிலா அந்தப் பவுடரைக் கொடுத்ததிலேர்ந்து எட்டு தோசை சாப்பிடறவர் நாலோட எழுந்துடறார். பாக்கவே கஷ்டமா இருக்கு.”

“ரெண்டு வாரம் பவுடர் மட்டும்தான், தோசையே கூடாதுன்னு சொன்னேனே!”

“பவுடரையும் விடல மேடம். தோசைக்கு மேல கரைச்சுக் குடிச்சுடறேன்,” என்றார் கணவர் பெருமையாக.

“ரீ, நீங்க சும்மா இருங்க,” என்று கன்னட வழக்கில் கணவரை அடக்கினார் மனைவி. “ஆபரேஷன் தாங்கறதுக்குத் தெம்பு வேணாமா மேடம்?”

“அம்மா, கல்லீரல்ல கொழுப்பு அடைச்சிருக்கு. அது சுருங்கினாத்தான் டாக்டர் கத்தியே வைப்பார். இப்படி இருந்தா வியாழக்கிழமை நடக்காது. தள்ளித்தான் போடணும்.”

மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. கணவர் தரையைப் பார்த்தார்.

பார்மசிஸ்டுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: “எந்தப் புண்ணியவான் இதை உங்களுக்குக் கொடுத்தது?”

“நீங்கதான் மேடம். போன வாரம், இதே கவுண்டர்ல. யாருக்குன்னு அப்ப நீங்க கேக்கவே இல்லையே.”